விங்ஸ்: ஒரு முதலாளி, ஒன்பது கூட்டாளிகள், பத்து வருடம்

1972 பிப்ரவரியில் ஒரு வேன் லண்டனிலிருந்து வடக்கே கிளம்பியது. உள்ளே விங்ஸ் என்ற ஐந்து பேர் கொண்ட ஒரு இசைக்குழு, வாத்தியங்கள், குழந்தைகள், நாய்கள். எங்கே போகிறோம் என்பது யாருக்கும் தெரியாது, ஹோட்டல் முன்பதிவும் இல்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் வந்ததும் குழுவின் உதவியாளர்கள் இறங்கி மாணவர் சங்கத்துக்குப் போய், இங்கே நாங்கள் வாசிக்கலாமா என்று கேட்டார்கள். யார் வந்திருக்கிறார் என்று சொன்னபோது அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. வெளியே வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தால், பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி உட்கார்ந்திருக்கிறார். மறுநாள், பிப்ரவரி 9, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி. நுழைவுக்கு வாங்கியது சில்லறைக் காசுதான், கூட்டம் சில நூறு பேர். கைவசம் பாட்டுகள் குறைவு என்பதால் சிலவற்றை இரண்டு தடவை வாசித்தார்கள். முடிந்ததும் வசூலான காசை ஐந்து பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூட வாசிக்கவில்லை.

விங்ஸ் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்தக் காசு பிரிக்கும் காட்சிதான் முதலில் நினைவுக்கு வரும். உலகத்திலேயே மிகப் பிரபலமான பாட்டுக்காரர்களில் ஒருவர், முப்பது வயது ஆகவில்லை, பதினேழு வயதுப் பையன்கள் தெருமுனையில் பேண்ட் ஆரம்பிக்கிற மாதிரி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். அது நடிப்பு இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சில்லறைப் பங்கு மட்டும்தான் சமமாகப் பிரிந்தது, மற்ற எதுவும் அப்படிப் பிரியவில்லை. இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான்: விங்ஸ் உண்மையிலேயே ஒரு குழுவா, அல்லது மெக்கார்ட்னிக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களின் தொகுப்பா?

எப்படி ஆரம்பித்தது

பீட்டில்ஸ் உடைந்த விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் விங்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. 1970 ஏப்ரலில் பிரிவு வெளியே தெரிந்தது. ஆனால் பிரிவு வேறு, கணக்கு முடிப்பது வேறு. 1967-இல் நான்கு பேரும் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி, தனியாகப் போடும் ஆல்பங்களின் வருமானமும் பொதுப் பெட்டிக்குள்தான் விழும். அந்தப் பெட்டியின் சாவி ஆலன் க்ளைன் என்ற மேலாளரிடம் இருந்தது. மற்ற மூவருக்கும் அவர்மேல் நம்பிக்கை, மெக்கார்ட்னிக்குத் துளியும் இல்லை. 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் கூட்டைக் கலைக்கச் சொல்லி வழக்குப் போட்டார். சின்ன வயதிலிருந்து கூட இருந்த மூன்று நண்பர்கள்மேல் வழக்கு. 1971 மார்ச்சில் நீதிமன்றம் கணக்கு வழக்கைப் பார்க்க ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அதன் பிறகு பணம் வெளியே வருவது பெரும்பாடாகிவிட்டது. கூட்டு சட்டப்படி முழுசாகக் கலைந்தது 1975 ஜனவரியில்தான். இந்த நான்கு வருட இடைவெளியை மறக்காதீர்கள், விங்ஸில் நடந்த பாதித் தகராறுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மனதளவில் அவர் அப்போது எப்படி இருந்தார் என்பதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்தில் கின்டைர் தீபகற்பத்தில் இருந்த பண்ணை வீட்டில் அடைந்து கிடந்தார், காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல், அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டு. அதிலிருந்து அவரை வெளியே இழுத்துக் கொண்டுவந்தவர் மனைவி லிண்டா. 1971-இல் இருவர் பெயரிலும் 'ராம்' வந்தது. அதற்கு நியூயார்க்கில் டிரம்ஸ் வாசித்தவர் டென்னி சைவெல். அவரையும், 1965-இல் மூடி ப்ளூஸ் குழுவில் இருந்தபோது 'கோ நவ்' பாடி இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த டென்னி லெய்னையும் கூப்பிட்டு, லிண்டாவைக் கீபோர்டில் உட்காரவைத்து அந்த வருடமே குழு தொடங்கிவிட்டார். பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செப்டம்பர் 13 அன்று லண்டன் மருத்துவமனையில் மகள் ஸ்டெல்லா பிறந்தபோது சிக்கலாகி, வெளியே அவர் வேண்டிக்கொண்டு நின்ற நேரத்தில் சிறகுகள் மனதில் தோன்றின. விங்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்.

முதல் ஆல்பம் 'வைல்ட் லைஃப்' அந்த டிசம்பரிலேயே வந்தது. பல பாட்டுகள் முதல் டேக்கிலேயே, அதாவது முதல் தடவை வாசித்ததிலேயே, முடிந்தவை. அவசரம் தெரிகிறது, விமர்சகர்கள் அடித்துத் துவைத்தார்கள், எனக்கும் அதில் இரண்டு மூன்று பாட்டுக்கு மேல் பிடிக்காது. ஜனவரியில் வட அயர்லாந்துக்காரரான ஹென்றி மெக்கல்லா லீட் கிட்டாருக்கு வந்து சேர்ந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் வந்தவர்களைச் சுட்டது. சில நாட்களில் மெக்கார்ட்னி அயர்லாந்தை அயர்லாந்துக்காரர்களிடமே திருப்பிக் கொடு என்ற பாட்டை எழுதிப் பதிவுசெய்தார், பிபிசி தடை செய்தது, அயர்லாந்தில் முதலிடம். அவரை வெறும் காதல் பாட்டுக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

லிண்டா விஷயம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். விங்ஸ் மேல் எறியப்பட்ட கல்லில் முக்கால்வாசி லிண்டா மேல்தான் விழுந்தது. அவர் வாத்தியக்காரர் இல்லை, நல்ல புகைப்படக்காரர். 1968-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண் எடுத்த படம் முதல்முறையாக வந்ததே, அது அவர் எடுத்ததுதான். கீபோர்டை கணவரிடம்தான் கற்றுக்கொண்டார், மேடையில் தடுமாறியதும் உண்மை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: விங்ஸின் குரல் எது? மெக்கார்ட்னி, லெய்ன், லிண்டா மூவரும் சேர்ந்து பாடும் அந்த அடுக்குக் குரல்தானே? அதிலிருந்து லிண்டாவின் அந்த லேசான, பயிற்சி இல்லாத குரலை எடுத்துவிட்டால் மீதி வேறு யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். குழு உடைந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து போனவர்களின் பட்டியலைப் பார்த்தால், லிண்டாவின் வாசிப்பு சரியில்லை என்பது மட்டுமே காரணமாக ஒருவர்கூடப் போகவில்லை. சம்பளம், மரியாதை, சோர்வு, வேறு வாய்ப்பு, இவைதான் காரணங்கள்.

லாகோஸ்

குழுவா இல்லையா என்ற கேள்வியின் மையம் 1973 ஆகஸ்ட். அந்த வருட ஆரம்பத்தில் குழு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'மை லவ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டின் கிட்டார் சோலோவுக்கு ஒரு கதை உண்டு. ஸ்டுடியோவில் ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா காத்துக்கொண்டிருக்கும்போது ஹென்றி வந்து, ஏற்கெனவே பேசி வைத்ததை விட்டுவிட்டு நான் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டார். மெக்கார்ட்னி சரி என்றார். ஒரே டேக், பாட்டே அதனால்தான் நிற்கிறது. மற்றவரின் கையில் நம்பி விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா! ஆனால் சில மாதங்கள் கழித்து ஸ்காட்லாந்தில் ரிகர்சலில் அதே ஹென்றியிடம் ஒரு பகுதியை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்த, அப்படி வாசிக்க முடியாது என்று அவர் சொல்ல, வாக்குவாதம் முற்றி ஹென்றி எழுந்து போய்விட்டார். அடுத்த ஆல்பத்தை நைஜீரியாவின் லாகோஸில் பதிவுசெய்வதாக ஏற்பாடு. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சைவெலும் போன் செய்து விலகிக்கொண்டார்.

சைவெல் ஏன் போனார்? அவர் பிறகு பேட்டிகளில் சொன்னது: வாரத்துக்கு 70 பவுண்டு. நியூயார்க்கில் செஷன் டிரம்மராக, அதாவது மற்றவர்களின் பதிவுகளுக்குக் கூலிக்கு வாசிப்பவராக, நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது, பின்னால் பங்கு கிடைக்கும் என்ற பேச்சை நம்பித்தான். எழுத்தில் எதுவும் இல்லை. மெக்கார்ட்னி பக்கத்து நியாயமும் இருக்கிறது, பணம் நீதிமன்றப் பூட்டுக்குள் கிடந்தது, அவர் கையிலேயே தாராளம் இல்லை. ஆனால் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. க்ளைன் விஷயத்தில் ஒப்பந்தம் எவ்வளவு முக்கியம் என்று நெருப்பில் கைவைத்துக் கற்றுக்கொண்டவர், தன்னை நம்பி வந்தவர்களுக்கு அதே பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்தில் அவர்மேல் தப்பு என்றே சொல்வேன்.

மீதி மூவரும் ஆகஸ்ட் 9 அன்று லாகோஸ் கிளம்பினார்கள், கூடவே பீட்டில்ஸ் காலத்து ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். அங்கே மழைக்காலம். லாகோஸின் அபாபா பகுதியில் இருந்த ஈஎம்ஐ ஸ்டுடியோவில் வசதிகள் அரைகுறை. ஒரு இரவு மெக்கார்ட்னியும் லிண்டாவும் நடந்து போனபோது கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தார்கள், புதுப் பாட்டுகளின் டெமோ கேசட்டுகளும் எழுதி வைத்த வரிகளும் அதோடு போயின. நினைவிலிருந்துதான் மறுபடி எழுத வேண்டியிருந்தது. இன்னொரு நாள் மூச்சு முட்டி மயங்கி விழுந்தார், நுரையீரல் குழாய் சுருங்கியதாக மருத்துவர் சொன்னார். நைஜீரியாவின் பெரும் இசைக்கலைஞர் ஃபெலா குட்டி, ஆப்பிரிக்க இசையைத் திருட வந்திருக்கிறார்கள் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். மெக்கார்ட்னி அவரை அழைத்து டேப்பைப் போட்டுக் காட்டி, இதில் உங்கள் ஊர் இசை எதுவும் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. ஃபெலாவின் சந்தேகத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், காலனி ஆட்சி முடிந்து பதின்மூன்று வருடமே ஆன நாடு அது. அதே ஃபெலாவின் குழு நேரில் வாசித்ததைக் கேட்டு அழுதேவிட்டேன் என்று மெக்கார்ட்னி பின்னால் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் டிரம்ஸ், பாஸ், லீட் கிட்டார் பெரும்பகுதி எல்லாம் அவரே வாசித்து, லெய்னும் லிண்டாவும் துணை நிற்க, உருவானதுதான் 'பேண்ட் ஆன் தி ரன்'. ஆர்கெஸ்ட்ரா வேலைகள் மட்டும் லண்டனில் நடந்தன. 1973 டிசம்பரில் வெளியானபோது மெதுவாகத்தான் நகர்ந்தது, சில பாட்டுகள் தனித்தனி சிங்கிள்களாக வந்த பிறகு ஏறி, 1974 ஜூலையில் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்து ஏழு வாரம் நின்றது. குழுவாக அவர்கள் பெற்ற மிகப் பெரிய வெற்றி, குழு கிட்டத்தட்ட பாதி கரைந்துபோன நேரத்தில் வந்தது. எல்லோரும் இதிலிருந்து எடுக்கும் முடிவு ஒன்றுதான்: பார்த்தீர்களா, அவருக்குக் குழுவே தேவையில்லை. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் தனியாகவே எல்லாம் வாசிக்கக்கூடியவர் என்பது 1970-இல் போட்ட முதல் தனி ஆல்பத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும், ஆல்பம் ஓடத் தொடங்கியதுமே அவர் செய்த முதல் வேலை மறுபடியும் ஆள் தேடியதுதான். திறமை போதாமல் ஆள் தேடவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

நிஜமான குழுவாக இருந்த காலம்

1974-இல் ஸ்காட்லாந்துப் பையன் ஜிம்மி மெக்கல்லக் கிட்டாருக்கு வந்தார். வயது இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமாக இருந்தவர், பதினாறு வயதிலேயே தண்டர்க்ளாப் நியூமன் குழுவோடு முதலிடம் பார்த்தவர். டிரம்ஸுக்கு ஜெஃப் பிரிட்டன், கராத்தேக்காரர். அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, 1975 ஆரம்பத்தில் நியூ ஆர்லியன்ஸில் பதிவு நடக்கும்போதே போய்விட்டார். அமெரிக்கரான ஜோ இங்கிலிஷ் வந்ததும்தான் தாளம் நிலைத்தது. நீதிமன்றப் பூட்டு திறந்ததும் அதே சமயம்தான். பணம் வந்தது, ஆள் நிலைத்தது, சேர்ந்து வாசிக்க நேரம் கிடைத்தது. 1975 செப்டம்பரில் உலக டூர் தொடங்கியது, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. ஜப்பானுக்கு மட்டும் பழைய கஞ்சா வழக்கைக் காட்டி அனுமதி மறுத்துவிட்டார்கள்.

1976-இல் வந்த 'அட் தி ஸ்பீட் ஆஃப் சவுண்ட்' ஆல்பத்தைப் பலர் பலவீனமானது என்பார்கள். இசையாகப் பார்த்தால் நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஆனால் குழு ஆய்வுக்கு இதுதான் முக்கியமான ஆவணம். ஐந்து பேருக்கும் முன்குரல் பாட ஆளுக்கு ஒரு பாட்டாவது உண்டு, லெய்னுக்கு இரண்டு. இப்படிப் பங்கு கொடுக்கும் கட்டாயம் எதுவும் மெக்கார்ட்னிக்கு இல்லை, ரசிகர்களும் கேட்கவில்லை. அவருடைய காதல் பாட்டுகள் அசட்டுத்தனமானவை என்று சொன்னவர்களுக்கு பதிலாக அதிலேயே எழுதிய 'சில்லி லவ் சாங்ஸ்' பாட்டு அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் பாஸ் வாசிப்பை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுகிறது.

அமெரிக்க டூர் ஏப்ரலில் தொடங்க வேண்டியது, ஜிம்மியின் விரல் முறிந்ததால் மே 3 அன்று ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கியது. மொத்தம் 31 கச்சேரிகள். ஜூன் 10 அன்று சியாட்டிலின் கிங்டோம் அரங்கில் மட்டும் 67,000 பேர். அந்த வருடம் பீட்டில்ஸை ஒரே ஒரு நாள் மேடையேற்ற ஒரு ஏற்பாட்டாளர் 5 கோடி டாலர் தருவதாகச் சொல்லி உலகமே அதையே பேசிக்கொண்டிருந்தபோது, மெக்கார்ட்னி பீட்டில்ஸ் பாட்டில் ஐந்தை மட்டும் எடுத்து நிகழ்ச்சிக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெரும்பாலும் விங்ஸ் பாட்டுகளால் நிரப்பினார். நடுவில் அவர் ஒதுங்கிக்கொள்ள லெய்ன் 'கோ நவ்' பாடுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த டூரின் பதிவாக மூன்று இசைத்தட்டுகளாக வந்த 'விங்ஸ் ஓவர் அமெரிக்கா' அங்கே முதலிடம் பிடித்தது, தொடர்ந்து ஐந்தாவது முறையாக. என் கணக்கில் விங்ஸ் என்பது இந்த இரண்டு வருடம்தான். இதற்கு முன்னால் பணம் விடவில்லை, பின்னால் ஆசை விட்டுப்போனது.

இறக்கம்

1977-இல் வர்ஜின் தீவுகளில் படகில் ரெக்கார்டிங் நடந்தது. லிண்டா கர்ப்பமாக இருந்தார், டூர் போக முடியாது, சும்மா இருக்கப் பிடிக்காத ஜிம்மி செப்டம்பரில் விலகினார், பின்னாலேயே ஜோ இங்கிலிஷ். மறுபடி மூன்று பேர். அப்படி மூவராக நின்ற நவம்பரில்தான் 'மல் ஆஃப் கின்டைர்' வெளியானது. மெக்கார்ட்னியும் லெய்னும் சேர்ந்து எழுதியது, மெக்கார்ட்னியின் பண்ணை இருந்த ஊரைப் பற்றிய பாட்டு, பக்கத்து கேம்பல்டவுன் பைப் குழுதான் பேக்பைப் வாசித்தது. பங்க் இசை தலைப்புச் செய்தியாக இருந்த காலத்தில் இங்கிலாந்தில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சிங்கிள் இது, ஒன்பது வாரம் முதலிடம். இதே மூவர் வெளியிட்ட 'லண்டன் டவுன்' ஆல்பத்தில் ஐந்து பாட்டுகளில் லெய்னின் பெயரும் உண்டு. லெய்னை வெறும் பின்னணி ஆள் என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

1978-இல் லாரன்ஸ் ஜூபர், ஸ்டீவ் ஹாலி வந்தார்கள். அருமையான வாத்தியக்காரர்கள். ஆனால் 1979-இல் வந்த 'பேக் டு தி எக்' எதிர்பார்த்த அளவு போகவில்லை, தலைவருக்கும் அலுப்புத் தட்டிவிட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சின்தசைசரில் எதையாவது செய்துகொண்டிருப்பதில்தான் அப்போது அவருக்கு ஆர்வம். அந்த வருடம் செப்டம்பரில் ஜிம்மி இறந்துபோனார். வயது 26, காரணம் ஹெராயின். டிசம்பர் 29 அன்று கம்போடிய மக்களுக்கு நிதி திரட்ட லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் வாசித்ததே விங்ஸின் கடைசி மேடை. அது கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அடுத்த மாதம் ஜப்பானில் பதினோரு கச்சேரிகள், டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது.

1980 ஜனவரி 16. நரிதா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மெக்கார்ட்னியின் பெட்டியைத் திறந்தால் மேலாகவே கஞ்சா, சுமார் 219 கிராம். ஏற்கெனவே ஒரு தடவை அனுமதி மறுத்த நாட்டுக்குள் அதை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது நாள் சிறையில் இருந்தார், டூர் ரத்து, பிறகு நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அவர் வேண்டுமென்றே குழுவை முடித்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தார் என்று சிலர் சொல்வார்கள், மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அது யாருடைய வேலையைப் பாதித்தது என்று பாருங்கள். அவருக்கு ஒரு டூர் போனால் ஒரு டூர்தான். லெய்னுக்கு, ஜூபருக்கு, ஹாலிக்கு அது அந்த வருடத்துப் பிழைப்பு. அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய பிழைப்பைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாட்டிங்ஹாமில் சில்லறையைச் சமமாகப் பிரித்த கைகள்தான் இதையும் செய்தன, அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த மே மாதம் அவருடைய தனி ஆல்பம் வந்தது. டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் அவருடைய பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகு மேடையேறி ஊர் ஊராகப் போகும் துணிச்சல் மெக்கார்ட்னிக்குப் பல வருடம் வரவில்லை. டூர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த லெய்ன் 1981 ஏப்ரலில் விலகினார். விங்ஸ் கலைந்தது என்று பெரிதாக ஒரு அறிவிப்புகூடத் தேவைப்படவில்லை. மெக்கார்ட்னியும் லிண்டாவும் தவிர மீதி ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் தீர்ப்பு

மெக்கார்ட்னி, லிண்டாவோடு பத்து வருடமும் நின்றவர் லெய்ன் ஒருவர்தான், அதனால் குழுவா இல்லையா என்ற கேள்வியை அவரை வைத்துத்தான் அளக்க வேண்டும். அவருக்குப் பாட கொடுத்தார், எழுதக் கொடுத்தார், மேடையில் தனி இடம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. லெனன் இருந்தபோது மெக்கார்ட்னிக்கு எதிரில் உட்கார்ந்து, இந்த வரி நன்றாக இல்லை என்று சொல்ல ஒருவர் இருந்தார். சம்பளம் வாங்குகிற யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஹென்றி சொன்னார், போய்விட்டார்.

2023 டிசம்பரில் லெய்ன் 79 வயதில் காலமானார். ஆறு மாதம் கழித்து, 1974-இல் அபே ரோடு ஸ்டுடியோவில் லெய்ன், ஜிம்மி, பிரிட்டன் எல்லோரும் இருந்தபோது பதிவுசெய்து ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்த 'ஒன் ஹேண்ட் கிளாப்பிங்' ஆல்பமாக வெளிவந்தது. ஐந்து பேர் ஒரே அறையில் வாசிக்கிறார்கள். அதில் ஒரு இடத்தில் லெய்ன் 'கோ நவ்' பாடுகிறார், மெக்கார்ட்னி பின்குரலில் இருக்கிறார்.